காலில் எங்கே எரிகிறது? நெடுநடையில் வரும் கொப்புளங்களுக்கு இடம் பார்த்துத் தீர்வு

கொப்புளம் வந்தால் முதலில் கவனிக்க வேண்டியது அது வந்த இடத்தை. குதிகாலின் பின்புறத்தில் வருவதற்குக் காரணம் வேறு, சுண்டுவிரலில் வருவதற்குக் காரணம் வேறு, உள்ளங்காலில் வருவதற்குக் காரணம் வேறு. இதைப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் ஒரே பிளாஸ்திரியை ஒட்டிவிட்டு நடந்தால் மறுநாளும் அதே இடத்தில்தான் வரும். அதனால் இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் காலில் இப்போது என்ன தெரிகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். நேரம் இருந்தால் அடுத்த இரண்டு பத்திகளை மட்டும் படித்துவிட்டுப் போங்கள். மற்ற எல்லாமே அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஷூ உரசி உரசித் தோல் தேய்வதால்தான் கொப்புளம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படித் தேய்ந்தால் வருவது சிராய்ப்பு. கொப்புளம் தோலுக்குள்ளே தொடங்குகிறது. ஒரு விரலைப் புறங்கையில் அழுத்தி வைத்து, வழுக்காமல் முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். விரலும் தோலும் சேர்ந்தே நகரும், அடியில் எலும்பு அப்படியே இருக்கும், இடையில் இருப்பதெல்லாம் இழுபடும். நடக்கும்போதும் இதேதான். வியர்வையில் தோல் சாக்ஸைப் பிடித்துக்கொள்கிறது, சாக்ஸ் ஷூவைப் பிடித்துக்கொள்கிறது, உள்ளே எலும்பு மட்டும் ஒவ்வோர் அடிக்கும் போய்ப் போய் வருகிறது. ஆயிரக்கணக்கான அடிகளுக்குப் பிறகு மேல்தோலின் உள்ளடுக்கு ஒன்று விட்டுப்போகிறது. அந்த இடைவெளியில் நீர் கோத்துக்கொள்கிறது.

இன்னொன்று, ஈரம். நன்றாகக் காய்ந்த தோல் ஓரளவு வழுக்கும்; தண்ணீரில் நனைந்து நிற்கும் தோலும் வழுக்கும். இரண்டுக்கும் நடுவில், வியர்த்துப் பிசுபிசுவென்று இருக்கிற தோல்தான் சாக்ஸை மிக இறுக்கமாகப் பிடிக்கிறது. நெடுநடை போகிறவர்களின் கால் பெரும்பாலான நேரம் இந்த நிலையில்தான் இருக்கிறது. ஆக, அழுத்தத்தைக் குறைக்கலாம், பிடிப்பைக் குறைக்கலாம், ஈரத்தைக் குறைக்கலாம், எலும்பு ஷூவுக்குள் நகரும் தூரத்தைக் குறைக்கலாம். கீழே சொல்லும் ஒவ்வொரு வழியும் இந்த நான்கில் ஒன்றைத்தான் செய்கிறது.

கொப்புளம் இல்லை, ஆனால் ஓரிடம் மட்டும் காந்துகிறது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம். இங்கே நிறுத்தினால் பிரச்சினை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிறுத்தாமல் போனால் பல நாள் இழுக்கும். ஆனால் பெரும்பாலானோர் நிறுத்துவதில்லை. கூட்டமாகப் போகும்போது தன்னால் எல்லோரும் நிற்க வேண்டியிருக்கிறதே என்ற கூச்சம். அடுத்த ஓய்விடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம். அடுத்த ஓய்விடம் வருவதற்குள் உள்ளே அடுக்கு விட்டுப்போயிருக்கும். கூட்டத்தை வழிநடத்துகிறவராக நீங்கள் இருந்தால், நடை தொடங்கிய அரை மணி நேரத்தில் ஒருமுறை நிறுத்தி "யாருக்காவது கால் காந்துகிறதா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்டால்தான் சொல்வார்கள்.

நிறுத்தியதும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றுங்கள். மேலோடு தடவிப் பார்ப்பது போதாது. சாக்ஸை உள்வெளியாகத் திருப்பி உதறுங்கள். மணல், முள், சுருண்ட நூல் எதாவது இருக்கும். ஷூவுக்குள் கையை விட்டு விரல் நுனியால் துழாவுங்கள். இன்சோல், அதாவது பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தைத் தகடு, ஓரம் மடங்கியிருக்கிறதா, உள்துணி கிழிந்து மேடாக நிற்கிறதா, தையல் துருத்துகிறதா என்று பாருங்கள். கால் காற்றில் உலரட்டும். சிவந்த இடம் முழுக்கக் காய்ந்த பிறகுதான் டேப்.

டேப் ஒட்டுவதில் இருக்கும் நுணுக்கம் சின்னதுதான், ஆனால் அதில்தான் எல்லாம் இருக்கிறது. துண்டின் நான்கு மூலைகளையும் வளைவாக வெட்டிவிடுங்கள். கூர்மையான மூலைதான் முதலில் சுருளும். சிவந்த இடத்தைத் தாண்டி எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருக்கட்டும். இழுத்து ஒட்டாதீர்கள், இழுத்து ஒட்டிய டேப் சுருங்கும்போது தோலையும் சேர்த்து இழுத்துச் சுருக்கும். ஒரு சுருக்கம்கூட இருக்கக் கூடாது, இருந்தால் பிரித்துப் புதிதாக ஒட்டுங்கள். ஒட்டியபின் உள்ளங்கையை அதன்மேல் ஒரு நிமிடம் வைத்து அழுத்தினால் சூட்டில் பசை நன்றாகப் பிடிக்கும். அப்புறம் சாக்ஸை உருட்டி மெதுவாக ஏற்றுங்கள்.

எந்த டேப்? மருந்துக் கடையில் கிடைக்கும் மெல்லிய பேப்பர் டேப்பே முதல் தேர்வாக இருக்கட்டும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில், 250 கிலோமீட்டரைப் பல கட்டங்களாக ஓடிய 128 பேரை வைத்துப் பார்த்தார்கள். பேப்பர் டேப் ஒட்டிய இடங்களில் கொப்புளம் 40 சதவீதம் குறைந்திருந்தது. மலிவானது, பசை மென்மையானது, பிரிக்கும்போது தோலை உரிக்காது. நீர் பட்டால் விட்டுவிடும் என்பதுதான் குறை. மழையிலோ ஓடைகளைக் கடந்தோ நடக்கும்போது ஜிங்க் ஆக்சைடு டேப் நன்றாக நிற்கும். சாமான் கட்டும் வெள்ளி நிற டக்ட் டேப்பைப் பலர் புகழ்வார்கள். அதன் வெளிப்பக்கம் வழுவழுப்பானது என்பதால் வேலை செய்வது உண்மைதான். ஆனால் வியர்வையை உள்ளேயே பூட்டி வைக்கும், பிரிக்கும்போது தோலைப் பிய்த்துக்கொண்டு வரும். வேறு எதுவுமே கையில் இல்லாதபோது மட்டும் பயன்படுத்துங்கள்.

குதிகாலின் பின்புறம்

மிகப் பரவலாகக் கேட்கும் புகார் இது. காரணம் அநேகமாக ஒன்றே: குதிகால் ஷூவுக்குள் ஏறி இறங்குகிறது. செங்குத்தான ஏற்றத்தில் இது கூடும், புது ஷூவின் அடிப்பகுதி விறைப்பாக இருந்தால் இன்னும் கூடும். கால் மடங்கும் இடத்தில் ஷூ மடங்கவில்லை என்றால் குதிகால்தான் மேலே கிளம்பும்.

முதலில் லேஸைச் சரிசெய்யுங்கள். உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் ஊன்றி, ஷூவின் பின்பக்கத்துக்குள் நன்றாகத் தள்ளுங்கள். கீழிருந்து இறுக்கிக்கொண்டே வாருங்கள். மேலிருந்து இரண்டாவது துளை வரை வந்ததும் லேஸ்களைக் குறுக்கே கொண்டுபோகாமல், அந்தந்தப் பக்கத்திலேயே உள்ள கடைசித் துளையில் வெளியிலிருந்து உள்ளே நுழையுங்கள். இரண்டு பக்கமும் ஒரு சிறிய வளையம் நிற்கும். வலது லேஸை இடது வளையத்துக்குள்ளும் இடது லேஸை வலது வளையத்துக்குள்ளும் விட்டுக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டுங்கள். கணுக்கால் மடிப்பில் ஷூ கவ்விப் பிடிப்பதை உடனே உணரலாம். பல ஓட்ட ஷூக்களில் எல்லாத் துளைகளுக்கும் மேலே, சற்றுப் பின்னால், யாரும் பயன்படுத்தாத ஒரு துளை இருக்கும். அது இதற்காகத்தான் இருக்கிறது. கொக்கி வைத்த பூட்ஸில் கணுக்கால் மடிப்புக்கு நேராக இருக்கும் முதல் கொக்கிகளுக்கு முன்னால் லேஸ்களை இரண்டு முறை சுற்றி முறுக்கினால் அந்த இடத்துக்குக் கீழே உள்ள இறுக்கம் தளராது.

லேஸைக் கட்டியும் குதிகால் வழுக்கினால் ஷூ நீளமாக இருக்கிறது, அல்லது பின்பகுதி உங்கள் காலுக்கு அகலமாக இருக்கிறது. தற்காலிகமாக ஒரு கனமான சாக்ஸ் உதவும். நிரந்தரத் தீர்வு வேறு ஷூதான்.

பழைய ஷூவில் திடீரென்று குதிகாலில் வர ஆரம்பித்தால் உள்துணியைப் பாருங்கள். குதிகால் படும் இடத்தில் துணி தேய்ந்து ஓட்டை விழுந்து, அதன் ஓரம் வரம்பு கட்டி நிற்கும். அங்கே ஷூவின் உட்புறத்தில் வழுவழுப்பான டேப்பையோ இதற்கென்றே விற்கும் ஒட்டுத்துண்டையோ ஒட்டுங்கள். காலில் ஒட்டுவது ஒவ்வொரு நாளும் செய்ய வேண்டிய வேலை. ஷூவில் ஒட்டினால் வாரக்கணக்கில் நிற்கும். இந்த யோசனை பலருக்குத் தோன்றுவதே இல்லை.

கொப்புளம் குதிகாலின் பின்னால் இல்லாமல், அடிப்பகுதியும் பக்கவாட்டும் சேரும் விளிம்பில் வந்தால் கதை வேறு. அங்கே இன்சோலின் ஓரம்தான் குற்றவாளி. நடுவில் அமுங்கி ஓரத்தில் உயர்ந்து நிற்கும் பழைய இன்சோலை மாற்றினாலே பலருக்குச் சரியாகிவிடும்.

விரல்கள்

விரல் நுனியிலோ நகத்தடியிலோ வலி, அதுவும் இறக்கத்தில் மட்டும் என்றால், கால் முன்னே சரிந்து ஷூவின் மூக்கில் இடிக்கிறது. இறங்கத் தொடங்குமுன் நின்று, மேலே சொன்னபடி குதிகாலைப் பின்னே தள்ளி லேஸை மறுபடி கட்டுங்கள். மிக நீண்ட விரலுக்கும் ஷூவின் முனைக்கும் இடையே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். அந்த மிக நீண்ட விரல் சிலருக்கு இரண்டாவது விரல் என்பதை மறந்துவிடாதீர்கள். நாள் முழுக்க நடந்தால் கால் வீங்கும். அதனால் ஷூவை மாலையில், நடக்கும்போது போடப்போகும் அதே சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். நகங்களை நடைக்கு ஓரிரு நாள் முன்பே நேராக வெட்டி, ஓரங்களை அரத்தால் தேயுங்கள். நகம் கறுத்துப்போனால் அது அடியில் கட்டிய இரத்தம். வலி இல்லையென்றால் விட்டுவிடலாம். நகம் தானே வளர்ந்து வெளியேறும். துடிதுடிக்கும் வலி இருந்தால் மருத்துவரிடம் போய் அந்த இரத்தத்தை வெளியேற்றிக்கொள்ளலாம்.

சுண்டுவிரலின் வெளிப்பக்கம் வந்தால் ஷூ ஒடுக்கம். ஒரு எளிய சோதனை: இன்சோலை உருவித் தரையில் போட்டு, அதன்மேல் முழு எடையையும் வைத்து நில்லுங்கள். விரல்கள் இன்சோலின் ஓரத்தைத் தாண்டிப் பிதுங்கினால் அந்த ஷூ உங்கள் காலுக்கானது இல்லை. இதற்கு எந்த டேப்பும் தீர்வாகாது. டேப்பின் கனம் ஏற்கெனவே இல்லாத இடத்தை இன்னும் குறைக்கும். வழியில் மாட்டிக்கொண்டால் முன்பக்கத்து முதல் துளைகளில் லேஸை எடுத்துவிட்டு, மேலே மட்டும் கட்டுங்கள். கொஞ்சம் இடம் கிடைக்கும்.

விரல்களுக்கு இடையில் வருவதற்கு, விரல் விரலாகப் பிரிந்த சாக்ஸ் மிக நன்றாக வேலை செய்கிறது. ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை இருப்பதால் தோலும் தோலும் தொடுவதில்லை. அது இல்லாவிட்டால் பெட்ரோலியம் ஜெல்லி தடவலாம். ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: ஜெல்லி தடவிய முதல் ஒரு மணி நேரம் பிடிப்பு குறைகிறது, சில மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்து, பிறகு முன்பைவிடக் கூடவும் செய்கிறது. ஆகவே, நடுவில் துடைத்துவிட்டு மறுபடி தடவும் பொறுமை இருந்தால் மட்டும் அதை நம்பலாம். முகப்பவுடர் வகையறாவை நான் பரிந்துரைப்பதில்லை. வியர்வை கூடியதும் அது கட்டிகட்டியாகித் தானே உரச ஆரம்பிக்கும்.

நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே தோல் வெளுத்து, உரிந்து, அரிப்போடு நாறினால் அது கொப்புளம் இல்லை. சேற்றுப்புண். பூஞ்சைக்கான களிம்பு போட வேண்டும். டேப் ஒட்டி மூடினால் மோசமாகும். அதுபோல ஷூ படாத இடங்களிலும் அரிப்போடு குட்டிக் குட்டியாக நீர்முத்துகள் வந்தால் அது ஒவ்வாமையாகவோ கரப்பானாகவோ இருக்கலாம். நடையில் வரும் கொப்புளம் எரியும், வலிக்கும், அரிப்பது அபூர்வம்.

உள்ளங்காலின் முன்பகுதி

விரல்களுக்குக் கீழே இருக்கும் மெத்தை போன்ற இடம். இங்கே வருவது பெரும்பாலும் சுமை, வெப்பம், ஈரம் மூன்றும் சேர்ந்த வேலை. முதுகுப்பையின் எடையைக் குறைப்பது யாருக்கும் பிடிக்காத அறிவுரை, ஆனால் இந்த இடத்துக்கு அதைவிட நல்லது இல்லை. சாக்ஸை மாற்றுவது அடுத்தது. பருத்தி வேண்டாம், அது வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ நல்லது. மெல்லிய செயற்கை இழை சாக்ஸை உள்ளே போட்டு, மேலே கனமான கம்பளி சாக்ஸைப் போட்டால், அசைவின் ஒரு பங்கு இரண்டு சாக்ஸுக்கும் இடையில் நடந்துவிடும், தோல் தப்பிக்கும். ஷூவில் இரண்டுக்கும் இடம் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். இறுக்கமான ஷூவில் இரண்டு சாக்ஸ் போட்டால் அழுத்தம் கூடிப் பலன் தலைகீழாகிவிடும்.

இன்னொரு காரணம் காய்ப்பு. தடித்த காய்ப்புக்கு அடியில் கொப்புளம் வந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆழத்தில் கல் மாட்டியதுபோல் வலி மட்டும் இருக்கும். ஊசியால் குத்தி அதை எட்டவும் முடியாது. அதனால் நீண்ட நடைக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே, குளித்தபின் தோல் மென்மையாக இருக்கும்போது நுரைக்கல்லால் (ப்யூமிஸ் கல்) கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, சுற்றியுள்ள தோலுக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள். முழுக்க எடுத்துவிடாதீர்கள். பிளேடு வேண்டவே வேண்டாம்.

உள்ளங்கால் வளைவில் வந்தால் இன்சோலின் வளைவு உங்கள் காலின் வளைவுக்குப் பொருந்தவில்லை. மாற்றிப் பாருங்கள்.

கால் முழுக்க ஊறி வெளுத்துச் சுருங்கியிருக்கிறது

மழை நாளிலும் ஈரநிலங்களில் நடக்கும்போதும் இது வரும். ஊறிய தோல் பலமிழந்து போகிறது. சின்ன மடிப்புகூட வெடிப்பாகிவிடும். இந்த நிலையில் டேப் ஒட்டாதீர்கள், பிடிக்கவும் பிடிக்காது, பிரியும்போது தோலையும் கொண்டுபோகும். ஓய்வெடுக்கும்போதெல்லாம் ஷூவைக் கழற்றிக் காலை உலர விடுங்கள். சாக்ஸைப் பிழிந்து மாற்றுங்கள். நனைந்தே ஆக வேண்டிய நாள் என்று முன்பே தெரிந்தால், காலையிலேயே உள்ளங்காலில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடிமனாகப் பூசிக்கொள்ளுங்கள். இங்கே அது நீரைத் தடுப்பதற்காக. எல்லாவற்றையும்விட முக்கியம், தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த சாக்ஸைப் பைக்குள் நீர்புகாத உறையில் வைத்து, எக்காரணம் கொண்டும் நடக்கும்போது அதைத் தொடாமல் இருப்பது. இரவு முழுக்கக் கால் காய்ந்தால் தோல் பெருமளவு மீண்டுவிடும்.

நீர்புகாத ஷூ என்று விற்பதை நம்பி ஓடையில் இறங்க வேண்டாம். மேல்வாய் வழியாக நுழைந்த தண்ணீர் அதற்குள்ளிருந்து வெளியேறவும் வழி இருக்காது.

மழை இல்லாமலே சிலருக்குக் கால் ஊறும் அளவுக்கு வியர்க்கும். வியர்வையைக் கட்டுப்படுத்தும் அலுமினியம் குளோரைடு கரைசலை 1998இல் அமெரிக்க ராணுவக் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். 21 கிலோமீட்டர் நடைக்கு முன் குறைந்தது மூன்று இரவுகள் தடவியவர்களில் 21 சதவீதம் பேருக்கும், வெற்றுக் கரைசல் தடவியவர்களில் 48 சதவீதம் பேருக்கும் கொப்புளம் வந்தது. பாதிக்கும் கீழே குறைந்தது உண்மை. ஆனால் மருந்து தடவியவர்களில் 57 சதவீதம் பேருக்குத் தோல் எரிச்சல் வந்தது. மற்றவர்களில் அது வெறும் 6 சதவீதம். முயன்று பார்க்க நினைத்தால் பயணத்துக்குப் பல வாரங்கள் முன்பே வீட்டில் பாருங்கள்.

ஈரத்தோடு குளிரும் சேர்ந்து, கால் மரத்துப்போய், திட்டுத்திட்டாக நிறம் மாறி, சூடேறும்போது கடும் வலி எடுத்தால் அது வெறும் ஊறல் அல்ல. உறைநிலைக்கு மேலான குளிரிலும் இந்தப் பாதிப்பு வரும். காலை உலர்த்தி, மெல்லச் சூடாக்கி, தேய்க்காமல், நெருப்பில் காட்டாமல் வைத்து, மருத்துவ உதவிக்குக் கிளம்ப வேண்டும்.

கொப்புளம் வந்தேவிட்டது, நீர் கோத்து நிற்கிறது

உடைப்பதா வேண்டாமா? சிறியது, வலி அதிகம் இல்லை, எடை படாத இடம் என்றால் உடைக்காதீர்கள். மேல்தோல் மூடியாக இருக்கும்வரை கிருமி உள்ளே போகாது. சுற்றிலும் வளையம்போல் வெட்டிய ஃபெல்ட் துணியை ஒட்டி, கொப்புளம் நடுப்பள்ளத்தில் இருக்குமாறு செய்தால் அழுத்தம் வளையத்தின்மேல் போகும். வளையத்தின் கனம் கொப்புளத்தின் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும்.

பெரியது, விண்ணென்று தெறிக்கிறது, இன்னும் நடந்தே ஆக வேண்டும் என்றால் அது ஷூவுக்குள் தானாக உடையும். அழுக்கு சாக்ஸுக்குள் கந்தலாக உடைவதைவிட நீங்களே சுத்தமாக வடிப்பது மேல். கையையும் அந்த இடத்தையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊசியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். தீயில் காட்டினால் கரி படியும், அதையும் துடைக்க வேண்டும். கொப்புளத்தின் உச்சியில் குத்தாமல் ஓரத்தில், அடிவாரத்தில், நிற்கும்போது கீழ்ப்பக்கமாக இருக்கும் இடத்தில் இரண்டு மூன்று சிறு துளை போடுங்கள். சுத்தமான துணியால் மெதுவாக அழுத்தி நீரை எடுங்கள். மூடியை உரிக்காதீர்கள். அதுதான் இருப்பதிலேயே நல்ல கட்டு. முதல் 24 மணி நேரத்தில் மறுபடி நீர் கோக்கும்; மறுபடி வடியுங்கள். அப்படி இரண்டு மூன்று முறை வடித்தால் மூடி அடித்தோலோடு ஒட்டிக்கொள்ளும். பெட்ரோலியம் ஜெல்லி தடவி, ஒட்டாத கட்டுத்துணி வைத்து, அதன்மேல் டேப். பசை நேராக மூடியின்மேல் படக் கூடாது, பிரிக்கும்போது மூடியே போய்விடும்.

ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்தின் ஊடாக இழுத்து, நூலை உள்ளேயே விட்டுவிடும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. நீர் வடியும் என்பது சரி, ஆனால் அதே நூல் வழியாகக் கிருமியும் உள்ளே போகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரத்தம் கோத்த கொப்புளத்தைக் குத்த வேண்டாம். அது ஆழத்தில் இரத்தக்குழாய்கள் வரை சேதம் போனதன் அறிகுறி. நீரிழிவு உள்ளவர்கள், காலில் உணர்வோ இரத்த ஓட்டமோ குறைந்தவர்கள், நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் எந்தக் கொப்புளத்தையும் தாங்களாக உடைக்கக் கூடாது. இவர்கள் ஒவ்வொரு இரவும் பாதங்களை வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பதும் அவசியம், ஏனென்றால் வலி இவர்களை எச்சரிக்காமல் போகலாம்.

மூடி உரிந்து சதை தெரிகிறது

குடிக்கத் தகுந்த தண்ணீரால் நன்றாகக் கழுவுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஸ்பிரிட்டையும் திறந்த புண்ணில் ஊற்றாதீர்கள். வலியை விடுங்கள், ஆறத் தொடங்கிய செல்களையே அவை அழிக்கும். தொங்கும் தோல் சுத்தமாக இருந்தால் திரும்பப் பரப்பி மூடுங்கள். சுருண்டு அழுக்கேறிய பகுதியை மட்டும் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டலாம்.

இந்த நிலைக்கு, புண்ணின் நீரை உறிஞ்சிக் கூழாகும் ஹைட்ரோகொலாய்ட் பிளாஸ்திரிதான் மிகப் பொருத்தம். தோலைத் துடைத்து உலர்த்தி, பிளாஸ்திரியைக் கைகளுக்கு இடையில் வைத்துச் சூடாக்கி, புண்ணைத் தாண்டி நன்றாக வெளியே வரும் அளவில் ஒட்டுங்கள். சில மணி நேரத்தில் அது வெள்ளையாக உப்பும். சீழ் என்று பயந்து பிரித்துவிடுகிறவர்கள் பலர். அது பிளாஸ்திரி நீரை உறிஞ்சிக் கூழாவதுதான். தானாக ஓரம் கிளம்பும்வரை பல நாள் அப்படியே விடுங்கள். தினமும் பிரித்துப் பார்த்தால் புதிதாக முளைத்த தோலையும் சேர்த்துப் பிரிப்பீர்கள். கிருமித் தொற்று இருக்கும் புண்ணில் மட்டும் இதை ஒட்டக் கூடாது.

ஆறும் வேகம் வியக்க வைப்பது. கொப்புளம் வந்த ஒரே நாளில் அடியில் உள்ள செல்கள் மும்முரமாகப் பிரிந்து பெருகத் தொடங்குகின்றன. 48 மணி நேரத்தில் ஒரு புது அடுக்கு தெரிகிறது. ஏறக்குறைய 120 மணி நேரத்தில் மேலே புதிய தோல் மூடிவிடுகிறது. இது உரசல் நின்ற பிறகு எண்ண வேண்டிய கணக்கு.

சுற்றிலும் சிவந்து, சூடாக, துடிக்கிறது

கொப்புளத்தின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். இரண்டாம் நாள் கூடினால் சந்தேகப்படுங்கள். சிவப்பு பரவுவது, தொட்டால் சுடுவது, நீர் கலங்கி மஞ்சள் சீழாவது, காலில் மேல்நோக்கிச் செங்கோடு ஓடுவது, தொடையிடுக்கில் நெறி கட்டுவது, காய்ச்சல், குளிர்நடுக்கம் எல்லாம் கிருமி உள்ளே போய்விட்டதன் அடையாளங்கள். சிவப்பின் எல்லையைப் பேனாவால் வரைந்து நேரத்தையும் எழுதி வையுங்கள். சில மணி நேரத்தில் கோட்டைத் தாண்டினால் நடை அங்கேயே முடிந்தது. செங்கோடோ காய்ச்சலோ இருந்தால் கோடு தாண்டும்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்க அதிபராக இருந்த கால்வின் கூலிட்ஜின் இளைய மகன், அவர் பெயரையே கொண்டவர், 1924 ஜூன் 30 அன்று சாக்ஸ் போடாமல் டென்னிஸ் விளையாடினார். கால்விரலில் ஒரு கொப்புளம் வந்தது. கிருமி இரத்தத்தில் கலந்து, ஜூலை 7 அன்று இறந்துபோனார். வயது 16. பெனிசிலின் கண்டுபிடிக்கப்பட்டதே 1928இல்தான். இன்று மருந்து இருக்கிறது. அது நேரத்தில் கிடைக்க நாம் நேரத்தில் போக வேண்டும்.

எல்லாம் செய்தும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறது

ஒரே நேரத்தில் ஷூ, சாக்ஸ், இன்சோல் மூன்றையும் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. ஒரு நடைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் லேஸ், ஏனென்றால் செலவு இல்லை. அடுத்து சாக்ஸ், அப்புறம் இன்சோல், கடைசியாக ஷூ. புது ஷூ என்றால் வீட்டுக்குள், பிறகு சிறு நடைகளில், பிறகு சுமையோடு என்று பழக்குங்கள். இது ஷூவுக்கு மட்டுமல்ல. வாரக்கணக்கில் படிப்படியாகக் கூடும் உரசலுக்குத் தோலும் தடித்துப் பழகிக்கொள்கிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் பெருந்தூரம் நடப்பவர்களுக்கு நல்ல ஷூவிலும் கொப்புளம் வருவது இதனால்தான்.

குதிகாலிலோ கட்டைவிரல் மூட்டிலோ எலும்பு புடைத்திருந்தால், அந்தப் புடைப்புக்கு நேரே ஷூவை விரித்துக் கொடுக்கச் செருப்புத் தைப்பவரால் முடியும். நடை ஒரு பக்கமாகச் சாய்கிறதா என்று பழைய ஷூவின் அடித்தேய்மானத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். ஒரு பக்கம் மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் அந்த ஷூவையே எடுத்துக்கொண்டு பாத மருத்துவரைப் பாருங்கள். ஆறிய இடத்தில் புதுத்தோல் இளஞ்சிவப்பாக, மெல்லியதாக இருக்கும். அது பழைய நிறத்துக்கு வரும்வரை, காந்தல் தொடங்கட்டும் என்று காத்திருக்காமல், வீட்டிலிருந்து கிளம்பும்போதே அங்கே பேப்பர் டேப்பை ஒட்டிவிடுங்கள்.